நம்பிக்கையும் தூக்குக்குண்டும்

நிலம் ஏன் நடுங்குகிறது என்று கேட்டால், விடை சொல்ல இன்று அறிவியல் இருக்கிறது. நடுங்கிச் சரிந்த ஓர் ஊருக்கு, அவ்வூரோடு எவ்வகை உறவும் இல்லாத ஒருவர் கடல் கடந்து வந்து, மண் சுமந்து வீடு கட்டுவது ஏன் என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. அவரையே கேட்டால் 'நம்பிக்கை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். எதன்மேல் நம்பிக்கை? அது எவ்வளவு பாரம் தாங்கும்? கல்லும் மண்ணும் செய்ய வேண்டிய வேலையை நம்பிக்கை செய்துவிடுமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட் மலைப்பகுதி நடுங்கியது. 150 பேருக்கு மேல் மாண்டனர். உறங்கிக் கொண்டிருந்தவர்கள்மேல் அவர்கள் வீட்டுச் சுவரே விழுந்தது. அப்பகுதியில் வீடு கட்டும் பணிக்கு ஒரு மாதம் கைகொடுக்க, வரும் விடுமுறையில் மாணவர் பதினொருவர் செல்வதாக இருக்கிறோம். புவியியற்பியல் படிப்பவன் என்பதாலும், இருபத்து மூன்று வயதில் அக்குழுவுக்கு மூத்தவன் என்பதாலும் தலைமைப் பொறுப்பு என்மேல் வந்து விழுந்திருக்கிறது. செய்தி கேட்ட என் அம்மா, திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில், "சாமி மேல பாரத்தைப் போட்டுட்டுப் போயிட்டு வாய்யா" என்றாள். ஆய்வுக்கூட நண்பன் ஒருவனோ, "சாமிமேல் உன் பாரத்தைப் போட்டுவிடுவாய்; கூரையின் பாரத்தை எதன்மேல் போடப் போகிறாய்?" என்றான்.

இருவர் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்க வழி தேடியபோது, நாம் வாழும் இந்தக் காசியிலிருந்து ஓர் இரவு இரயில் பயணத் தொலைவில், தொண்ணூறு ஆண்டுகளுக்குமுன் நடந்த ஒரு முயற்சி கண்ணில் பட்டது. நிலநடுக்கத்தால் அழிந்த பீகாருக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு கணித ஆசிரியர், விரல்விட்டு எண்ணத்தக்க துணைவர்களோடு வீடு கட்ட வந்தார். அவர் பெயர் பியேர் செரசோல். அவருடைய முயற்சியை நாம் சற்று உற்றுப் பார்த்தால், நம்பிக்கை எங்கே வேண்டும், எங்கே கூடாது என்பது விளங்கும்.

மணல் கக்கிய வயல்கள்

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் 2 மணி 13 நிமிடத்திற்கு வட பீகாரும் நேபாளமும் நடுங்கின. அதன் அளவு 8 அல்லது அதற்கும் சற்று மேல் என்று இன்று கணிக்கிறோம். பீகாரில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். நேபாளத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முங்கேர், முசப்பர்பூர் ஆகிய நகரங்கள் இடிபாட்டுக் குவியல்களாயின.

இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து இமயத்தின் அடியில் நுழைகிறது. அந்நகர்ச்சி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்களே. ஆனால் பாறைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கொண்டு நிற்பதால், பல நூறு ஆண்டுகள் சேர்ந்த இறுக்கம் ஒரு நாள் சில நிமிடங்களில் விடுபடுகிறது. இதுவே இமயத்துப் பெரு நிலநடுக்கங்களுக்குக் காரணம்.

பீகாரில் இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. கங்கைச் சமவெளி என்பது ஆறுகள் கொண்டு வந்து கொட்டிய மணலும் வண்டலும் ஆகும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே நீர் நிற்கிறது. ஈர மணலில் மணிகள் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும் வரையில்தான் அது பாரம் தாங்கும். அதிர்ச்சி ஏற்பட்டவுடன் மணிகள் நெருங்கி அமையப் பார்க்கின்றன. இடையிலுள்ள நீருக்கு வெளியேற நேரமில்லை. நீரின் அழுத்தம் ஏறி மணிகளைப் பிரித்துவிடுகிறது. அந்தக் கணத்தில் மணல் திண்மம் என்னும் தன்மையை இழந்து நீர்மம் போல ஆகிறது. கடற்கரையில் ஈர மணல்மேல் நின்று காலை அசைத்தால் பாதம் மெல்லப் புதைவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு மாவட்டம் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள். தரை பிளந்து மணலும் நீரும் ஊற்றாகப் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. விளைநிலங்கள் மணல்வெளிகளாயின. வீடுகள் பல, இடிந்து விழாமலே சாய்ந்து தரைக்குள் அமிழ்ந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் பின்னர் அளந்து பார்த்து, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அமிழ்வுப் பட்டையை வரைபடத்தில் குறித்தனர்.

இதன் விளைவு அந்த ஒரு நாளோடு போகவில்லை. நிலத்தின் மட்டம் மாறியது; வடிகால்கள் அடைபட்டன. முன்பு வெள்ளம் எட்டாதிருந்த ஊர்கள் சில மழைக்காலத்தில் நீரில் நிற்கும் நிலை வந்தது. ஆகவே வீட்டைத் திரும்பக் கட்டினால் மட்டும் போதாது. ஊரையே இடம் மாற்ற வேண்டியிருந்தது.

திருநெல்வேலியில் எழுந்த வினா

நிலநடுக்கம் நிகழ்ந்தபோது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து கொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே பீகாரின் பேரழிவு என்ற கருத்தை அவர் வெளியிட்டார். என் சொந்த ஊரில் பேசப்பட்ட பேச்சாதலால், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி உணர்ச்சி உண்டாகிறது.

கவி தாகூர் இதனை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்ச்சிகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. அறத்தையும் பூகம்பத்தையும் முடிச்சுப் போடுவது மக்களிடையே உள்ள பகுத்தறிவின்மையை வளர்க்கும் என்று மறுத்தெழுதினார். காந்தியடிகளின் பெருமை, அம்மறுப்பை மறைக்காமல் 1934 பிப்ரவரியில் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, அதனோடு தம் விடையையும் எழுதியதில் விளங்குகிறது. தம் கருத்தை மெய்ப்பிக்கத் தம்மால் இயலாது. ஆயினும் அது தம் உள்ளத்தில் வேரூன்றிய நம்பிக்கை என்பதே அவ்விடையின் சாரம்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் நான் தாகூரின் பக்கம் நிற்கிறேன். நிலத்தட்டு சாதி அறியாது. முங்கேரின் கடைத்தெருவில் நசுங்கியவர்களுள் தீண்டாமையால் துன்புற்றவர்களும் இருந்திருப்பார்கள் அன்றோ? தண்டனை அவர்களுக்கும் சேர்த்தா வந்தது? இவ்வினாவுக்கு அந்த நம்பிக்கை விடை தரவில்லை.

ஆனால் இதனோடு நிறுத்திவிட்டால் உண்மையின் பாதியை விட்டவர்களாவோம். அதே காந்தியடிகள் மார்ச்சு மாதத்தில் பீகாருக்கு வந்து, இடிந்த ஊர் ஊராகச் சென்றார். காரணம் கூறப் புகுந்த நம்பிக்கை தவறியது. துயருற்றவரிடம் அவரைக் கொண்டு சேர்த்த நம்பிக்கை தவறவில்லை. நம்பிக்கை என்ற ஒரே சொல் இரண்டு வேறு வேலைகளுக்குப் பெயராக இருக்கிறது. ஒன்று, 'இது ஏன் நடந்தது?' என்பதற்கு விடையாவது. மற்றொன்று, 'இனி நான் என்ன செய்வேன்?' என்பதற்கு விடையாவது. முன்னதில் அறிவியல் இருக்க வேண்டிய இடத்தில் நம்பிக்கை அமர்ந்துவிடுகிறது. பின்னதிலோ, அது அமர வேறு எதற்கும் தகுதியில்லாத இடத்தில் அமர்கிறது. செரசோல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

யார் இந்தச் செரசோல்?

1879ஆம் ஆண்டு லொசான் நகரில் செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தவர் பியேர் செரசோல். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகன் பொறியியலும் கணிதமும் கற்று முனைவர் பட்டம் பெற்றார். பின்பு உலகம் சுற்றினார். அமெரிக்காவிலும் ஹவாயிலும் உடலுழைப்பு வேலைகள் செய்தார். ஜப்பானில் பொறியாளராக இருந்தார். தமக்கு வந்த குடும்பச் சொத்தை அரசுக்கே கொடுத்துவிட்டார். முதல் உலகப் போரின்போது, படைக்குச் செல்லாதவர்கள் கட்ட வேண்டிய வரியைக் கட்ட மறுத்துச் சிறை சென்றார். 'கொல்லாதே' என்று கோயிலில் ஓதிவிட்டுக் கொல்வதற்குப் பணம் கட்டுவது எப்படிப் பொருந்தும் என்பது அவருடைய எண்ணம்.

போர் முடிந்தபின், 'போரை எதிர்க்கிறேன்' என்று வாயால் சொல்வது போதாது என்று அவர் உணர்ந்தார். இளைஞனைப் போர்க்களத்துக்கு இழுப்பது வெறுப்பு மட்டும் அன்று. தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காகத் துன்பப்படவும் கட்டுப்பாட்டோடு உழைக்கவும் அவன் உள்ளத்தில் ஒரு வேட்கை இருக்கிறது. அவ்வேட்கையை அழிவுக்கு இல்லாமல் ஆக்கத்துக்குத் திருப்பினால் என்ன? 1920 நவம்பரில், வெர்தன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூருக்கு ஒரு சிறு குழுவோடு சென்று, இடிந்த வீடுகளின் இடத்தில் மரவீடுகள் கட்டத் தொடங்கினார். குழுவில் செருமானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராயிருந்த நாட்டினர் இன்று பிரெஞ்சு உழவனுக்கு வீடு கட்டுவதை அங்கிருந்த அதிகாரிகள் விரும்பவில்லை. சில மாதங்களில் குழு திரும்ப நேர்ந்தது.

உலகக் கணக்கில் அது தோல்வி. ஆனால் எஸ்ன் ஊரில் தோன்றிய அந்த முயற்சியே, பின்னாளில் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற பன்னாட்டுத் தொண்டர் இயக்கமாக வளர்ந்தது. 1927இல் ரைன் ஆறு கரை உடைத்து லீக்டென்ஸ்டைன் என்ற குறுநாட்டை மூழ்கடித்தபோது, அடுத்த ஆண்டு அங்கே வயல்களில் படிந்த கல்லையும் மணலையும் அகற்ற வந்தவர்கள் எழுநூற்றுவருக்கு மேல். சொல் வேண்டா, செயல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை.

1931 திசம்பரில், வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் சுவிட்சர்லாந்தில் ரோமன் ரோலந்தைக் காண வந்த காந்தியடிகளைச் செரசோல் சந்தித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் பீகாரிலிருந்து அழிவுச் செய்தி வந்தது. அப்போது ஐம்பத்தைந்தை எட்டிக் கொண்டிருந்த அந்தக் கணித ஆசிரியர் கப்பலேறினார்.

சாந்திபூர்

1934 முதல் 1937 வரை, இடையிடையே தாயகம் சென்று மீண்டு, செரசோல் பீகாரில் பணியாற்றினார். லீக்டென்ஸ்டைனில் நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். பீகாரிலோ அவருடன் இருந்த ஐரோப்பியத் துணைவர்கள் மூன்று நான்கு பேரே. முசப்பர்பூர் மாவட்டத்தில், வெள்ளம் தேங்கும் பழைய இடத்தை விட்டு மேட்டு நிலத்தில் புதிய ஊர்களை அமைப்பது அவர்கள் மேற்கொண்ட பணி. அவ்வாறு எழுந்த ஊர்களுள் ஒன்றுக்குச் 'சாந்திபூர்' என்று பெயரிட்டனர். அமைதியின் ஊர் என்பது பொருள்.

அன்றைய நிலைமையை எண்ணிப் பாருங்கள். இந்தியா ஆங்கில ஆட்சியில் இருந்தது. வெள்ளைத் தோல் உடையவர் என்றால் கட்டளையிடுபவர் என்றே சிற்றூர் மக்கள் கண்டிருந்தனர். அத்தகைய ஒருவர் மண் சுமக்க வந்திருக்கிறார் என்றால் அதை யார் நம்புவார்? மறுபுறம், காங்கிரசுத் தலைவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஐரோப்பியரை ஆளுவோரும் ஐயத்தோடுதான் நோக்குவர். மொழியும் உணவும் வெயிலும் புதியவை. இத்தனைக்கும் நடுவில் அவர் எதை நம்பினார்?

செரசோல் ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவர். ஆனால் எந்தச் சமயச் சட்டத்துக்குள்ளும் எளிதில் அடங்காதவர். 1936இல் அவர் குவேக்கர் என்னும் நண்பர் சங்கத்தில் சேர்ந்தார். குவேக்கர் வழிபாட்டில் குருமார் இல்லை, சடங்கு இல்லை. எல்லாரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள்; உள்ளத்தில் உந்துதல் பெற்றவர் எழுந்து சில சொற்கள் சொல்வார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. இந்தக் கொள்கையை ஒரு பணித்தலைவன் மேற்கொண்டால் என்ன ஆகும்? ஐயத்தோடு பார்க்கும் உழவனிடத்தும், முறைத்துப் பார்க்கும் அதிகாரியிடத்தும் அந்த ஒளி உண்டு என்று அவன் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்குகிறான். சான்று கிடைத்தபின் நம்புவதற்கு அவன் காத்திருப்பதில்லை. அவன் நம்பி நடந்துகொள்வதே பல வேளைகளில் சான்றை உண்டாக்குகிறது. எஸ்னில் கிடைக்காத சான்று லீக்டென்ஸ்டைனில் கிடைத்தது. எஸ்னோடு அவர் நின்றிருந்தால் லீக்டென்ஸ்டைன் ஏது? சாந்திபூர் ஏது?

இவ்வளவும் சொன்னபின், மற்றொன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும். செரசோல் தம் விருப்பப்படி ஓரிடத்தைத் தேர்ந்து கொட்டகை போட்டுவிடவில்லை. நிலநடுக்கம் நிகழ்ந்த இரண்டு நாளில் சிறையிலிருந்து விடுதலையான இராஜேந்திர பிரசாத், நோயிலிருந்து முற்றும் தேறுமுன்பே நிவாரணப் பணியை மேற்கொண்டு, 38 இலட்சம் ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தார். செரசோல் அவரைக் கண்டு பேசினார்; நிலைமையை நேரில் பார்த்தார்; அதன்பின்பே துணைவர்களோடு பணியைத் தொடங்கினார். மண்ணை உயர்த்த வேண்டும் என்பது வெள்ள மட்டத்தை அறிந்து எடுத்த முடிவு. கனவில் கண்ட கட்டளை அன்று. கடவுளை நம்பியவர், ரசமட்டத்தைக் கீழே வைத்துவிடவில்லை.

மூன்று அணாக் கணக்கு

அதே பீகாரில் அதே காலத்தில் நம்பிக்கையின் மற்றொரு முகத்தைக் காட்டியவர் ஒரு தமிழர். 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா, இலண்டனில் கணக்காயமும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் கற்றவர். நிவாரணக் குழுவின் நிதிப் பொறுப்பைக் கவனிக்க அவர் அழைக்கப்பட்டார்.

பல இலட்சம் ரூபாய், பல நூறு தொண்டர்கள், சிதறிக் கிடந்த ஊர்கள். இத்தகைய இடத்தில் நல்ல மனம் ஒன்றே போதும் என்று விட்டுவிட்டால் என்ன நேரும் என்பது நமக்குத் தெரியாததா? குமரப்பா கண்டிப்பான ஒழுங்கை ஏற்படுத்தினார். தொண்டர் ஒருவரின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரையறுத்தார். காந்தியடிகள் வந்தபோது, அவருடன் வந்த குழுவின் செலவையும் நிவாரண நிதியிலிருந்து எடுக்க இடந்தரவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். மக்கள் வீடிழந்தோருக்குக் கொடுத்த பணம் வீடிழந்தோருக்கே என்பது அவர் கருத்து.

இதில் பக்திக் குறைவு இருக்கிறதா? இல்லை. குமரப்பாவும் கடவுள் நம்பிக்கை மிக்கவரே. பிறர் நம்பிக் கொடுத்த காசுக்கு ஒவ்வோர் அணாவாகக் கணக்கு எழுதுவதுதான் அவர் நம்பிக்கைக்குச் செய்த மரியாதை.

எங்கே வேண்டும்? எங்கே கூடாது?

இந்த வரலாற்றிலிருந்து, வீடு கட்டச் செல்லும் ஒரு குழுவின் தலைவன் கற்க வேண்டியதை நான் இரண்டாகப் பிரித்துக் கொள்கிறேன்.

முதலாவது, நம்பிக்கையை அழைக்கக் கூடாத இடங்கள். மனையைத் தேர்வதில் அதற்கு வேலையில்லை. சரிவில் மண் நழுவுமா, அடியில் நீர் நிற்கிறதா என்பதைத் தோண்டிப் பார்த்தே அறிய வேண்டும். சுவர் எழுப்புவதிலும் அதற்கு வேலையில்லை. நேபாள மலையூர்களில் கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டும் சுவர் உண்மையில் இரண்டு சுவர்கள். உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று. இரண்டையும் பிணைக்கும் நீளக் கற்கள் இடையிடையே இல்லாவிட்டால், அதிர்ச்சியில் முகங்கள் பிரிந்து விழும். அடித்தளத்துக்கு மேலும், கதவு சன்னல்களுக்கு மேலும், கூரைக்குக் கீழும் சுவரைச் சுற்றி மரத்தாலோ காங்கிரீட்டாலோ ஒரு பட்டை ஓட வேண்டும். பெட்டியைக் கயிற்றால் சுற்றிக் கட்டுவது போல அது நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்துக் கொள்ளும். மூலைகள் பிரியா. தூக்குக்குண்டின் நூல் சுவரோடு ஒட்டவில்லை என்றால், எத்தனை வழிபாடு செய்தாலும் சுவர் நேராகாது. பிரித்துத்தான் கட்ட வேண்டும். பணத்தைக் கையாள்வதிலும், உடன் வரும் பத்துப் பேரின் உடல்நலத்திலும் அவ்வாறே. "கடவுள் பார்த்துக் கொள்வார்" என்று சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியை மறப்பவன் நம்பிக்கையுடையவன் அல்லன், சோம்பல் உடையவன்.

இரண்டாவது, நம்பிக்கை இல்லாமல் ஓரடியும் வைக்க முடியாத இடங்கள். நாம் நீட்டும் கையை அவ்வூர் மக்கள் பற்றிக் கொள்வார்களா? எந்தக் கருவியாலும் இதை முன்கூட்டி அளக்க இயலாது. குழுவில் பன்னிரண்டாம் நாள் சோர்வும் சண்டையும் வரும்போது ஒருவரையொருவர் விட்டுவிடாமல் இருப்போமா? அதற்கும் சூத்திரம் இல்லை. நாம் பதினொருவர் ஒரு மாதத்தில் கட்டுவதில் எத்தனை குடும்பம் குடியேறும்? தேவையை நோக்கினால் அது கடலில் ஒரு துளி. அந்தத் துளியைக் கொண்டு போய்ச் சேர்ப்பது வீண் அன்று என்பதைக் கணிதம் மெய்ப்பிக்காது. அம்மா சொன்ன பாரம் இந்தப் பாரம்தான். கூரையின் பாரம் சுவருக்கு. இந்தப் பாரம் சாமிக்கு. என் நண்பனுக்கு நான் தரும் விடை இதுவே. அவன் 'சாமி' என்ற சொல்லுக்கு மாற்றாக 'மனிதன்' என்று சொல்ல விரும்பினாலும் எனக்கு மறுப்பில்லை.

ஓர் எதிர்வாதம்

"பதினொருவர் போய்வரும் செலவை அங்குள்ள கொத்தனார்களுக்குக் கூலியாகக் கொடுத்தால், உங்களைவிட நன்றாகவும் விரைவாகவும் கட்டுவார்களே" என்று கேட்பவர் உண்டு. இது தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. தொழில் அறியாத வெளியூர் இளைஞர்கள் கோணலாகக் கட்டிய சுவரை, அவர்கள் படம் எடுத்துக் கொண்டு திரும்பியபின் உள்ளூர்க் கொத்தனார் இடித்துக் கட்டும் நிலை வரக்கூடாது. உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை நம் 'தொண்டு' பறிக்கவும் கூடாது.

2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தைத் தாக்கிய பெரு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டனர்; இலட்சக்கணக்கான வீடுகள் அழிந்தன. அதன்பின் அந்நாட்டு அரசு மேற்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. வீட்டுக்கு உரியவரே தம் வீட்டைக் கட்டுவார். அரசு மூன்று இலட்சம் நேபாள ரூபாயைத் தவணைகளாகக் கொடுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் பார்த்து, நிலநடுக்கம் தாங்கும் முறையில் கட்டப்பட்டிருந்தால்தான் அடுத்த தவணை. கட்டுபவன் உள்ளூரான், முடிவெடுப்பவள் வீட்டுக்காரி. இதில் வெளியூரானுக்கு உரிய இடம் எது? கல் சுமப்பது, மண் குழைப்பது, நீர் கொண்டு வருவது, கேட்டால் அளந்து கொடுப்பது. அதாவது சிற்றாள் வேலை.

செரசோலின் சிறப்பும் இதில்தான் இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற பொறியாளர் மண் சுமந்தார். அதனால் சேர்ந்த மண் சில கூடைகளே என்று சொல்லிவிடலாம். ஆனால் உடலுழைப்பை இழிவென்று கருதிய நாட்டில், மண் சுமப்பது யாருடைய சாதிக்கும் உரியது அன்று என்பதை அந்தக் கூடைகள் சொல்லின. திருநெல்வேலியில் காந்தியடிகள் எந்தத் தீமையைக் கண்டு நெஞ்சு பதைத்தாரோ, அந்தத் தீமைக்குச் சரியான மறுமொழி சாந்திபூரின் மண்மேட்டில் எழுதப்பட்டது என்று கூறலாம்.

நமக்கு

1988 ஆகஸ்டு 21இல் அதே பீகார், நேபாள எல்லை மீண்டும் நடுங்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர். பிறகு 2015. பிறகு 2023. இனியும் நடுங்கும், இமயம் நின்றுவிடப் போவதில்லை. எப்போது என்று சொல்ல என் துறையால் இன்றுவரை இயலவில்லை. எந்த மண் ஆபத்தானது, எந்தச் சுவர் நிற்கும் என்று சொல்ல இயலும். இதை அறிந்தவர் நாம். இதை அறியாமல் மலைச்சரிவில் உறங்குவோர் பலர். அறிந்தவரிடமிருந்து அறியாதவரிடம் அறிவு தானாக நடந்து செல்வதில்லை. யாரேனும் சுமந்து செல்ல வேண்டும். சுமப்பவனுக்குத் தூக்குக்குண்டும் வேண்டும். 'போனால் பயன் உண்டு' என்ற நம்பிக்கையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்ப்பவன் இரண்டாலும் பயன் பெறான்.

தமிழ் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், கல் அடுக்கவும் நூல் பிடிக்கவும் ஒரு மூத்த கொத்தனாரிடம் பயிற்சி பெறப் போகிறோம். உடன்வர இயலாதவர்களும் அப்பயிற்சிக்கு வரலாம். அவரவர் ஊருக்குத் திரும்பும்போது அது பயன்படும். பணம் தர விரும்புவோர் தரலாம். மூன்று அணா வரையறுத்த தஞ்சைத் தமிழரை நினைவிற் கொண்டு, ஒவ்வொரு ரூபாயின் வரவையும் செலவையும் நம் மன்றத்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவோம். ஐயம் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள்.